நாளுக்கு இருபது பக்கம்: வாசிப்புக் கேள்வி பதில்

பள்ளிக்கூட நூலகத்திலை கனகாலம் வேலை செய்தனான். இப்பவும் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன். வாசிப்பைப் பற்றிக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன். கேக்கிற ஆக்களை அவையின்ரை ஊர்ப் பேராலை போட்டிருக்கிறன். கிழிஞ்ச பக்கத்துக்கு மட்டும் செலோரேப் ஒட்டாதேங்கோ.

கொக்குவில்: ரீச்சர், இந்த வருசம் நூறு புத்தகம் வாசிக்கிறதெண்டு இலக்கு வைச்சனான். ஆடியும் பிறந்திட்டுது, இன்னும் இருபதைத் தாண்டேல்லை. விட்டுப் போடட்டோ?

இலக்கை விடாதேங்கோ தம்பி, அளக்கிற விதத்தை மாத்துங்கோ. நூறு எண்டு வைச்சால் கை தன்பாட்டிலை மெல்லிய புத்தகத்துக்குத்தான் போகும். அறுநூறு பக்க நாவலைக் கண்டால், உதை எடுத்தால் கணக்குப் பிந்தும் எண்டு திருப்பி அலுமாரிக்குள்ளை வைப்பியள். நல்லா வாசிக்கக்கூடிய ஆக்கள் ஒரு பெரிய நாவலும் தொடாமல் வருசத்தைக் கடத்தினதைக் கண்டிருக்கிறன். எனக்கு அது பெரிய கவலை.

நாளுக்கு இருபது பக்கம் எண்டு வையுங்கோ. வருசத்துக்கு 7,300 பக்கம் வரும். 250 பக்கப் புத்தகமெண்டால் அது 29 புத்தகம். காலமை தேத்தண்ணியோடை பத்து, இரவு படுக்க முன்னம் பத்து. செத்தவீடு, கலியாணவீடு, திருவிழா எண்டு சில நாள் தவறும். தவறினதை அடுத்த நாளிலை ஏத்தாதேங்கோ. அடுத்த நாளும் இருபதுதான். கடனாச் சேர்த்துக்கொண்டு போனால் ஒரு கிழமையிலை புத்தகத்தைக் காணவே பயம் வந்திடும்.

பெரிய நாவல் ஒண்டோடை ஒரு மாசம் இருந்து பாருங்கோ. சந்தையிலை கத்தரிக்காய் தெரிஞ்செடுக்கேக்கையும் அந்த வீட்டிலை இப்ப என்ன நடக்குதோ எண்டு மனம் ஓடும். வாசிக்கிற ஆளுக்கு அதைவிடச் சந்தோசம் வேறை என்ன?

சுன்னாகம்: தமிழிலை ஆகச் சிறந்த நாவல் எது?

அப்பிடி ஒண்டைச் சொல்ல ஏலாது. கடைசியா எந்தப் புத்தகத்தை விரும்பி வாசிச்சியள் எண்டு எழுதுங்கோ, அதிலையிருந்து அடுத்ததைச் சொல்லுறன்.

மானிப்பாய்: வாசிச்சு முடிச்சு ரெண்டு மாசத்திலை எல்லாம் மறந்து போகுது. பேந்து வாசிச்சு என்ன பிரயோசனம்?

மறக்கும் பிள்ளை, எல்லாருக்கும் மறக்கும். ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கோ. ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம். மேலை பேரும், முடிச்ச திகதியும். கீழை மூண்டு விசயம். கதையிலை ஆர் ஆர் வருகினம், அவை ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை எண்டது ஒண்டு. பிடிச்ச ஒரு வசனத்தைப் பாத்து அப்பிடியே எழுதி, பக்கத்தின்ரை எண்ணையும் போடுறது ரெண்டாவது. பிடிக்காத ஒரு இடத்தை, ஏன் பிடிக்கேல்லை எண்ட காரணத்தோடை எழுதுறது மூண்டாவது. அந்த மூண்டாவதை விட்டிடாதேங்கோ. நல்லாயிருக்கு எண்டு யோசிக்காமலே எழுதலாம், பிடிக்கேல்லை எண்டதுக்குக் காரணம் எழுத வெளிக்கிட்டால் புத்தகத்தைத் திருப்பி ஒருக்கால் திறக்க வேண்டி வரும். அப்பிடித் திறந்த புத்தகம் மறக்காது.

சொந்தப் புத்தகமெண்டால் ஓரத்திலை பென்சிலாலை குறியுங்கோ, பேனை வேண்டாம். நூலகப் புத்தகத்திலை ஒண்டும் கீறாதேங்கோ.

சாவகச்சேரி: பொன்னியின் செல்வன் ஐஞ்சு பாகமும் முடிச்சிட்டன். கணக்கிலை ஒண்டெண்டு போடுறதோ, ஐஞ்செண்டு போடுறதோ? தங்கச்சியோடை பெரிய வாக்குவாதம்.

ஒண்டு.

நல்லூர்: அது அநியாயம் ரீச்சர்! ஐஞ்சு பாகத்துக்கும் தனித்தனிப் பேர், தனித்தனி அட்டை. ஒவ்வொண்டும் ஒரு முழு நாவலளவு தடிப்பு. அறுபது பக்கக் கவிதைத் தொகுதிக்கும் ஒண்டு, இதுக்கும் ஒண்டோ?

பருத்தித்துறை: ரீச்சர் சொன்னதுதான் சரி. அட்டையைப் பாத்தோ கதையை எண்ணுறது?

சரி, இதுக்கு வடிவாவே பதில் சொல்லுறன். பொன்னியின் செல்வன் 1950 இலிருந்து 1954 வரை கல்கி இதழிலை தொடராக வந்தது. கிழமைக்குக் கிழமை காத்திருந்து, மூண்டரை வருசத்துக்கு மேலை வாசிச்சிருக்கினம். அந்த நாளையிலை எங்கடை வீடுகளிலும் இதழ் வந்தால் ஆர் முதல் எடுக்கிறது எண்டு போட்டி. அவை பாகத்தை எண்ணேல்லை, அடுத்த கிழமை என்ன நடக்கும் எண்டுதான் கேட்டவை. முதல் பாகமான ‘புது வெள்ளம்’ முடிஞ்ச இடத்திலை கதை முடியேல்லை. அதோடை மூடி வைச்சிட்டு நாவல் வாசிச்சிட்டன் எண்டு ஆரும் சொல்ல ஏலாது. அதாலை ஒண்டு.

சிவகாமியின் சபதத்தையும் பார்த்திபன் கனவையும் பாருங்கோ. கதைப்படி சிவகாமியின் சபதம் முந்தினது, கல்கி எழுதினபடி பார்த்திபன் கனவு முந்தினது. ஒண்டை வாசிக்காமலே மற்றதை வாசிக்கலாம். அதாலை அது ரெண்டு. தனிய நிக்குதோ இல்லையோ எண்டு பாருங்கோ, தடிப்பைப் பாக்காதேங்கோ. அறுபது பக்கக் கவிதைத் தொகுதி தனிய நிக்கும். நல்ல கவிதையெண்டால் அறுபது பக்கத்துக்கு ஒரு மாசமும் போதாது.

நல்லூர்: அப்ப ஒருக்கால் வாசிச்சதைத் திருப்பி வாசிச்சால்? போனிலை ஆரோ வாசிக்கக் கேட்டால்?

திருப்பி வாசிக்கிறதை முழுசாக் கணக்கிலை சேருங்கோ. இருபது வயசிலை வாசிச்ச நாவலை நாப்பதிலை வாசிச்சால், அப்ப கரைச்சலாத் தெரிஞ்ச தகப்பன்ரை பக்கம் இப்ப நீங்கள் நிப்பியள்.

கேக்கிறதும் வாசிப்புத்தான். எங்கடை கோயில்களிலை கந்தபுராணம் எப்பிடிப் படிச்சவை? ஒராள் பாட்டை வாசிக்க, இன்னொராள் பயன், அதாவது பொருள் சொல்ல, சனம் சுத்திவர இருந்து கேட்டது. எழுத்துத் தெரியாத கிழவியும் சூரபன்மன்ரை கதையைப் பாட்டோடை சொல்லுவா. அவவை வாசிப்பில்லாதவ எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

தெல்லிப்பழை: அவை இருந்து கேட்டவை ரீச்சர். நாங்கள் மோட்டச்சைக்கிள் ஓடிக்கொண்டெல்லோ கேக்கிறம்?

நீங்கள் சொல்லுறது நியாயம். இருந்து கேட்டால் சேருங்கோ. ஓடிக்கொண்டு கேட்டதைச் சேர்க்க வேண்டாம், ஓடேக்கை கேக்கவும் வேண்டாம். இந்தக் கணக்கு வழக்கை இதோடை நிப்பாட்டுவம். மற்றவையின்ரை கேள்வியள் காத்துக்கொண்டிருக்கு.

வட்டுக்கோட்டை: அப்பா சேர்த்து வைச்ச மல்லிகை இதழ்கள் பெட்டியோடை கிடக்கு. சிலதின்ரை அட்டை கழண்டு போச்சு. செலோரேப் போட்டு ஒட்டட்டோ?

ஒட்டாதேங்கோ! அதின்ரை பசை கொஞ்சக் காலத்திலை மஞ்சளாகித் தாளுக்குள்ளை ஊறும். பிளாஸ்ரிக் உரிஞ்சு விழுந்திடும், கறை தாளோடையே நிக்கும், எழுத்தும் அதுக்குள்ளை போகும். கழண்ட அட்டையை அந்த இதழோடையே வைச்சு, வெறும் வெள்ளைத் தாளாலை சுத்தி, பருத்தித் துணி நாடாவாலை தளர்வாக் கட்டுங்கோ. ரப்பர் பான்ட் போட்டால் தாளை வெட்டும். பெட்டியை நிலத்திலை வையாதேங்கோ, கறையான் ஏறும். சுவரோடை முட்டவும் விடாதேங்கோ, மாரியிலை ஈரம் இழுக்கும். மாரி முடிய ஒருக்கால் வெளியிலை எடுத்து, வெயிலிலை போடாமல் நிழலிலை காத்தாட வையுங்கோ.

மல்லிகை, எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 இலை தொடங்கி, தானே கையிலை கொண்டு திரிஞ்சு வித்து வளர்த்த சஞ்சிகை. நூலகம் எண்ட இணைய நூலகம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து எல்லாருக்கும் இலவசமாக் குடுக்குது. அதிலை எந்த இதழ் இல்லையெண்டு பாத்து, உங்களிட்டை இருந்தால் படியெடுக்கக் குடுங்கோ. 1981 இலை எங்கடை யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தை எரிக்கேக்கை ஏறக்குறைய 97,000 நூல்கள் போனது. அதுக்குப் பிறகு இந்த ஊரிலை ஒரு பழைய புத்தகக் கட்டைக்கூடப் பழம்பேப்பர் எடுக்கிறவரிட்டைக் குடுக்கக் கூடாது. கும்பிட்டுக் கேக்கிறன்.

கரவெட்டி: பழைய ஈழத்து நாவல்கள் இலவசமா எங்கை எடுக்கலாம்?

இப்பத்தான் மேலை சொன்னன், நூலகம் இணையத்தளம்.

அச்சுவேலி: ஈழத்துப் புத்தகம் பீடிஎஃப் எங்கை கிடைக்கும்?

தயவுசெய்து மேலை உள்ளதை வாசிச்சிட்டுக் கேளுங்கோ. இப்ப எழுதிக்கொண்டிருக்கிற ஆக்களின்ரை புது நூலைப் பீடிஎஃப்பாத் தேடாதேங்கோ. காசு குடுத்து வாங்குங்கோ, வசதியில்லையெண்டால் நூலகத்திலை இரவல் எடுங்கோ.

உரும்பிராய்: நாப்பத்தைஞ்சு வயசு. கிட்ட வைச்சு வாசிச்சால் எழுத்து மங்குது.

வெள்ளெழுத்தாயிருக்கும். கண் டொக்டரிட்டைக் காட்டுங்கோ, நான் அதுக்கு ஆளில்லை.

கோண்டாவில்: ஏ.எல். படிக்கிறன் ரீச்சர். கதைப்புத்தகம் எடுத்தால் அம்மா பேசுறா.

அம்மாவின்ரை பயம் எனக்கு விளங்குது பிள்ளை. படிக்கிற நேரத்திலை கை வையாதேங்கோ, போன் பாக்கிற நேரத்திலை அரைமணித்தியாலத்தை எடுங்கோ. சோதனை முடியுமட்டும் நாவல் வேண்டாம். அது அடுத்த அத்தியாயம், அடுத்த அத்தியாயம் எண்டு இழுக்கும். ஒரு நாளைக்கு ஒரு சிறுகதை, முடிஞ்சோடனை மூடி வையுங்கோ. முடிச்ச கதையை இரவு சாப்பிடேக்கை அம்மாவுக்குச் சொல்லுங்கோ. கொஞ்ச நாளிலை அவவே அடுத்த கதையைக் கேப்பா.

நெல்லியடி: மகனுக்குப் பத்து வயசு, புத்தகத்தைத் தொடுறானில்லை. நல்ல புத்தகமாத்தான் வாங்கிக் குடுக்கிறம்.

ஆருக்கு நல்ல புத்தகம்? யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் கட்டேக்கை ஆலோசனை சொன்னவர் சீர்காழியிலை பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931 இலை நூலகத்துக்கு ஐஞ்சு விதி எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர்க்குரிய நூல் எண்டது அதிலை ஒண்டு. மகனை நூலகத்தின்ரை சிறுவர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளி இருங்கோ. கிரிக்கெற் புத்தகமோ, பாம்புப் புத்தகமோ, அவன் எடுக்கிறதை எடுக்கட்டும். வாசிச்சதிலை கேள்வி கேட்டுச் சோதிக்காதேங்கோ. வீட்டிலை நீங்களும் ஒரு புத்தகத்தோடை அவன்ரை கண்ணுக்கு முன்னாலை இருங்கோ.

ஊர்காவற்றுறை: பிள்ளை வாசிக்கிறாளில்லை…

நெல்லியடிக்குச் சொன்னதைப் பாருங்கோ.

சிறுப்பிட்டி: எழுபது வயசாகுது, பென்சன் எடுத்திட்டன். நாவல் இப்ப அலுக்குது. எனக்கும் ஒரு இலக்குச் சொல்லுங்கோவன்.

ஐயா, உங்கடை ஊரைப் பாத்தோடனை சந்தோசமாப் போச்சு. சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணெல்லோ! செல்லரிச்ச ஏட்டையெல்லாம் தேடி ஒப்பிட்டுப் பாத்து, 1887 இலை கலித்தொகையை முதன்முதல் அச்சிலை கொண்டுவந்தவர். நீங்கள் அதையே எடுங்கோ. கடவுள் வாழ்த்தோடை 150 பாட்டு. நாளுக்கு ஒண்டெண்டால் ஐஞ்சு மாசம். உரையுள்ள பதிப்பா வாங்குங்கோ. முதலிலை பாட்டை வாய்விட்டு ஒருக்கால், பேந்து உரை, திரும்பப் பாட்டு. தலைவியும் தோழியும் நேருக்கு நேர் கதைக்கிற மாதிரி இருக்கிறதாலை நாவல் அலுத்த ஆளுக்கும் இழுவை இருக்கும். பாலைக்கலியிலை தொடங்கினால் பிரிவும் வெக்கையுமா மனம் சோரும், குறிஞ்சிக்கலியிலை தொடங்குங்கோ, அதிலை பகிடியும் கனக்க இருக்கு. விளங்காத பாட்டின்ரை எண்ணைக் குறிச்சு வைச்சு அடுத்தமுறை கேளுங்கோ, இருந்து ஆறுதலாப் பாப்பம்.