நடந்தால் போதுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 43 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட் என்பதால் தினமும் ஒன்றரை ஷிஃப்ட் உட்கார்ந்தே வேலை. போன வருஷம் என் அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று ஆபரேஷன் ஆனது. அப்போது அவருக்கு வயது 48. "தினமும் நட, உனக்கு வராது" என்கிறார் அவர். உண்மையா? எனக்கு எப்போதாவது மலத்தோடு ரத்தம் போகும். அது மூலம்தான்.
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். மூலம்தான் என்று யார் சொன்னது? முப்பது வருஷம் கத்தி பிடித்தவன் நான். உள்ளே பார்க்காமல் என்னாலேயே அப்படிச் சொல்ல முடியாது.

அண்ணன் சொன்னதில் பாதி சரி. உடலுக்கு நன்றாக வேலை கொடுப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உட்கார்ந்த வேலைக்காரர்களுக்கு இந்த நோய் அதிகம் என்று லாஸ் ஏஞ்சலஸில் 1984-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தசை உழைத்தால் ரத்தத்தில் இன்சுலின் அளவு இறங்கும். அது எப்போதும் ஏறியே கிடந்தால் குடல் உட்சுவர் செல்கள் வேண்டாத வேகத்தில் பெருகத் தூண்டப்படும். தொப்பை கரைவதும், மலம் குடலில் தேங்காமல் நகர்வதும் கூடுதல் லாபம்.

ஆனால் குறையும் என்பது வேறு, வராது என்பது வேறு.

ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வருபவரை ஜிம்முக்குப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. காலையில் டீக்கடைக்கு வண்டியை எடுக்காதீர்கள். பேச முடியும், பாட்டுப் பாட மூச்சு வராது என்கிற வேகத்தில் 25 நிமிஷம், வாரம் ஆறு நாள். கணக்கு 150 நிமிஷம் ஆகிவிடும். அதற்கு மேல் நடந்தால் இன்னும் நல்லது.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டு. ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. மூன்று வருஷம் ஆள் வைத்துப் பயிற்சி கொடுத்த குழுவில், எட்டு வருஷம் கழித்து 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிப் போன குழுவில் 83 பேர். ஒரு புது மருந்து இதைச் செய்திருந்தால் விலை என்ன சொல்லியிருப்பார்களோ!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூடப்பிறந்தவருக்கு 48 வயதில் வந்திருந்தால், அதில் பத்தைக் குறைத்து 38 வயதிலிருந்தே கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்பது கணக்கு. அந்த வயதை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். பின்னால் புற்றாக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி ஏதும் குடலில் இருந்தால், அதே குழாய் வழியாகவே பெரும்பாலும் எடுத்துவிடலாம். எத்தனை மைல் நடந்தாலும் அது தானாக உதிராது. இப்போது ரத்தமும் போகிறது என்கிறீர்கள். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அண்ணனின் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். முந்தைய நாளே பேதி மருந்து குடிக்க வேண்டியிருக்கும். அதனால் கம்பெனியில் இரண்டு நாளாகவே லீவு சொல்லிவிடுங்கள்.