சின்னத் தொகைதானே, மெதுவாக ஆடினால் எவ்வளவு போய்விடும்?

சின்னத் தொகை வைத்து நிதானமாக ஆன்லைன் கேசினோ ஆடினால் நஷ்டம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். ஆனால் பலரும் தொகையைப் பார்க்கிறார்களே தவிர வேகத்தைக் கவனிப்பதில்லை.

ஒற்றைப் பூஜ்ஜிய ரூலெட்டை எடுத்துக்கொள்வோம். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் இது. சக்கரத்தில் ஒரே ஒரு பூஜ்ஜியத்தோடு 37 எண்கள். சரியான எண்ணுக்குக் கிடைப்பதோ 35 மடங்கு லாபம்தான். அந்த இடைவெளியில் கேசினோ எடுத்துக்கொள்வது 2.7 சதவீதம். சுற்றுக்கு 1 நாணயம் வைத்து மணிக்கு 40 சுற்று ஆடினால் சராசரியாகப் போவது 1 நாணயம், சொச்சம். அதே 1 நாணயத்தை, சராசரியாக 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட்டில் (பொத்தானைத் தட்டினால் படங்கள் சுழலும் ஆட்டம்) ஆறு விநாடிக்கு ஒருமுறை தட்டினால் மணிக்கு 600 சுற்று. போவது 24. சராசரிதான் இது, ஒரே நாளில் மொத்தமும் காலியாகவும் செய்யலாம்.

அதனால் முதலில், நீங்கள் தட்டாமலே அடுத்தடுத்துச் சுற்றும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். போனஸ் பக்கமே போகாதீர்கள்: 10 நாணய போனஸுக்கு 30 மடங்கு நிபந்தனை என்றால், பணத்தை வெளியே எடுக்கும் முன் 300 நாணயத்துக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும், அதுவும் கெடுவுக்குள். நிதானம் அங்கேயே போச்சு.

அப்புறம், ஸ்லாட்டில் வெளிச்சமும் இசையுமாய் ‘வெற்றி’ என்று வரும்போது தொகையைப் பாருங்கள். 1 வைத்ததற்கு 0.30 வந்திருக்கும். 0.70 தோற்றதற்குத்தான் அந்தக் கொண்டாட்டம்.