இடம் பத்தாமல் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளுமா?

கேள்வி: எனக்கு இது தலைச்சன் பிரசவம். 33 வாரம் ஆகிறது. ராத்திரி படுத்தால் குழந்தை உதைத்துத் தள்ளுகிறது, பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மாதம் ஏற ஏற உள்ளே இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும் என்கிறார் மாமியார். ஒரு நாளைக்கு எத்தனை அசைவு இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த 'இடம் பத்தாது' மேல்தான் கோபம். அதை நம்பி இரண்டு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டு வருபவர்கள் உண்டு. 32 வாரம் வரை அசைவு கூடிக்கொண்டே வரும், அப்புறம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். சுரீரென்ற உதை போய்ப் புரள்வது, முட்டுவது, நெளிவது என்று விதம் மாறலாம். ஆனால் கடைசி வாரத்திலும், வலி எடுத்த பிறகும்கூட குழந்தை அசைய வேண்டும்.

பகலில் தெரியாததற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான். நடமாட்டத்தில் கவனம் வேறெங்கோ இருக்கும். குழந்தையும் 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். பொதுவாகவே சாயங்காலமும் இரவும்தான் ஆட்டம் அதிகம்.

எத்தனை என்றால், எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருப்பதுதான் கணக்கு. தினமும் ஒன்பது மணிக்கு உருள்கிற குழந்தை இன்று சும்மா இருக்கிறதென்றால், அது எந்த எண்ணையும்விடப் பெரிய தகவல்.

சந்தேகமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். போனை வைத்துவிட்டு, வயிற்றில் கை வைத்து, அசைவை மட்டும் கவனியுங்கள். தொடர்ந்து நாலு உதை விழுந்தால் அது ஒன்று, ஒரு புரளல் ஒன்று. ஒரே தாளத்தில் வரும் விக்கலைச் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அசைவே இல்லையென்றாலோ வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் கிளம்புங்கள். நடுராத்திரியானாலும் சரி, 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' வேண்டாம். நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜனும் சத்தும் குறைந்தால் குழந்தை முதலில் செய்கிற சிக்கனம் அசைவில்தான்.

இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்பது, குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்ப்பது என்று நேரம் கடத்தாதீர்கள். வீட்டில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியையும் நம்ப வேண்டாம். அதில் கேட்பது உங்கள் ரத்தக்குழாயின் துடிப்பாகவும் இருக்கலாம். குழந்தையின் துடிப்பாகவே இருந்தாலும், நலமாக இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மருத்துவமனையில் பெரும்பாலும் சி.டி.ஜி. என்ற பதிவு எடுப்பார்கள். வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, ஒன்றில் குழந்தையின் இதயத்துடிப்பையும் மற்றொன்றில் கர்ப்பப்பை இறுகுவதையும் பதிவு செய்வார்கள். அசைவு தெரியும்போது அழுத்தச் சொல்லிச் சில இடங்களில் கையில் ஒரு பொத்தானும் தருவார்கள். துடிப்பு வழக்கமாக நிமிடத்துக்கு 110 முதல் 160. குழந்தை அசையும்போது அது 15 துடிப்பாவது ஏறி, 15 நொடியாவது நின்று இறங்கினால் எங்களுக்கு நிம்மதி. தேவைப்பட்டால் ஸ்கேனும் பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்து திருப்பி அனுப்பினார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி அசைவு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இப்போதுதானே வந்தாய் என்பார்களோ' என்று தயங்காமல் மறுபடியும் போங்கள். திரும்பத் திரும்பக் குறைவதை நாங்கள் முதல் தடவையைவிடக் கவனமாகப் பார்ப்போம்.