ஜாகர் ஒரு ஊர்

வணக்கம். வரும் தையில் எனக்குத் திருமணம். பாட்டியின் ஏழு கல் ப்ளூ ஜாகர் தோட்டை எனக்குப் போடுவதாக அம்மா சொல்கிறார். ஆப்பிரிக்காவில் கிளர்ச்சிக் குழுக்களின் சண்டைக்குப் பணமாகும் ரத்த வைரங்கள் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. இது அந்தச் சண்டைகளுக்கெல்லாம் முந்திய பழைய வைரம், பாவம் ஒட்டாது என்கிறார் அண்ணன். அணியலாமா? இல்லை, கொடுத்துவிட்டு ஆய்வக வைரம் வாங்கட்டுமா?
- நித்யா

அன்புள்ள நித்யா,

கொஞ்ச நாளாக இந்த 'ஜாகர்' என்ற சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் உங்கள் கடிதம். என் அப்பத்தா காதிலும் அதுதான். வாங்கும் முன் மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாராம், கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. காகபாதம், அதாவது காக்கைக் கால் மாதிரிக் கறை, இருக்கிறதா என்று தாத்தா வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கல்லின் தோஷத்தை இவ்வளவு துருவியவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நானும் வெகுகாலம் ஜாகர் என்பது ஏதோ தரத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அது ஒரு ஊர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன். 1870இல் அங்கே வைரம் கிடைத்தது. நீலம் ஓடும் வெள்ளைக் கல்லுக்குப் பேர்போன சுரங்கம், பிறகு அந்த மாதிரி கல் எங்கே எடுத்தாலும் அதே பெயர் நின்றுவிட்டது. 1893இல் அங்கே மண் அள்ளிக்கொண்டிருந்த ஒரு ஆப்பிரிக்கத் தொழிலாளியின் மண்வெட்டியில் 995 காரட் கல் வந்தது. உள்ளங்கையை நிரப்பும் கல், கிட்டத்தட்ட 200 கிராம். எடுத்துக் கொடுத்தவருக்கு 500 பவுண்டும் சேணம் பூட்டிய ஒரு குதிரையும் கொடுத்தார்கள். கல்லுக்கு எக்செல்சியர் என்று பெயர் வைத்தார்கள். படித்தவற்றில் எல்லாம் தேடிவிட்டேன், அவர் பெயர் இல்லை.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பழசு என்றால் பாவம் கழிந்துவிடுமா? படித்தவர் பேசுகிற பேச்சா இது? 1914 ஜனவரியில் அதே சுரங்கத்தில் ஒரு வெள்ளைக்கார மேற்பார்வையாளன் பசோத்தோ என்ற ஆப்பிரிக்க இனத்துத் தொழிலாளி ஒருவரை உதைத்தே கொன்றான். உடன் வேலை பார்த்தவர்கள் பொங்கி எழுந்தார்கள், வெள்ளையர்கள் அவர்களில் 11 பேரைக் கொன்றார்கள். தென்னாப்பிரிக்காவின் இன்னொரு வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில் 1885 முதல் ஒப்பந்தம் முடியும்வரை ஆட்களைக் கம்பிவலைக்குள் பூட்டி வைத்தார்கள். கல்லை விழுங்கியிருப்பார்களோ என்று, ஊருக்குப் போகும் முன் நாள்கணக்கில் அம்மணமாக அடைத்து, கைகளில் தோல் உறை மாட்டிப் பூட்டி, மலத்தைச் சலித்துப் பார்த்தார்கள். பழைய வைரம் இப்படித்தான் வந்தது. அந்தக் கிம்பர்லியின் பெயரில்தான் 2003இல் வைரங்களுக்குச் சான்றிதழ் முறை வந்தது, அதுவும் கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் போகும் கல்லை மட்டும்தான் தடுக்கும். முதலாளி செய்வது, அரசு செய்வது எதுவும் அந்தக் கணக்கில் வராது.

ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தை 1971இல் மூடினார்கள். பின்னாளில் பழைய கழிவு மண்ணை மறுபடி அரித்து வைரம் தேடினார்கள், அந்தச் சேற்றைத் தேக்கிய கரை 2022 செப்டம்பர் 11 அன்று உடைந்தது. வீடியோ கிடைக்கும், பாருங்கள். சாம்பல் நிறச் சேறு தெருத்தெருவாகப் புகுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போகிறது, உயிரும் போனது. மேய்ச்சல் நிலமெல்லாம் சேறு. எந்தக் காதில் மின்னிய கல்லுக்காகவோ தோண்டிய மண் அது.

ஆய்வக வைரம் பற்றி இன்னொரு நாள் பேசலாம். தோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, விற்றால் வேறொரு காதுக்குப் போகும், அவ்வளவுதான். பாட்டி எந்த வருஷம் வாங்கினார் என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.