மூடி பழுதானால் எஞ்சின் கொதிக்குமா?

கேள்வி: என்னுடைய பழைய பெட்ரோல் காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சென்றேன். ஊட்டியை நெருங்கும்போது வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டிப் பார்த்தபோது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கின் மூடியோரம் நீராவி சீறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் மூடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் மூடியால் எஞ்சின் கொதிக்குமா, அல்லது பெரிய பழுது எதையும் அவர் கவனிக்காமல் விட்டிருப்பாரா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெக்கானிக் செய்தது சரியாகவே இருக்கலாம். அதை மூடி என்று அழைப்பதால்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகம் எழுகிறது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு அது. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. என்ன, குக்கரில் விசில் வந்தால் சமையல் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். காரில் வந்தால் அப்படியில்லை.

எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து வைத்திருக்கும் தெர்மோஸ்டாட், பல கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்குகிறது. ஆகவே எந்தப் பழுதும் இல்லாத எஞ்சினிலும் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டியே ஓடுகிறது. ஏற்றத்தில் இன்னும் கூடுகிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், காற்றழுத்தம் குறைவு என்பதால், 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். அதாவது, மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்காவிட்டால், சமவெளியில் சமாளித்துவிடும் அதே கார் மலையுச்சியில் கொதிநிலையைத் தொட்டுவிடுகிறது. வெளிக்காற்றைவிட சுமார் 1 பார் (ஏறத்தாழ கடல் மட்டக் காற்றழுத்தத்தின் அளவு) கூடுதலான அழுத்தத்தை மூடி தாங்கிப் பிடித்தால், வெறும் தண்ணீரின் கொதிநிலைகூடச் சமவெளியில் 120 டிகிரிக்கும், ஊட்டியில் 115 டிகிரிக்குச் சற்று மேலும் உயர்ந்துவிடும்.

கொதித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் உட்சுவரில் திரவத்துக்குப் பதிலாக ஆவி படிந்தால், அந்த இடத்தின் வெப்பத்தை எடுத்துச் செல்ல ஆளில்லை. வாட்டர் பம்பாலும் ஆவிக்குமிழிகளைத் தள்ள முடியாது. விரியும் ஆவியோ எஞ்சியிருக்கும் கூலன்டையும் மூடி வழியே வெளியேற்றுகிறது. அளவு குறையக் குறையச் சூடு ஏறுகிறது, சூடு ஏற ஏற அளவு குறைகிறது.

மூடிக்குள் எதிர்த்திசையில் திறக்கும் சிறிய வால்வு ஒன்றும் உண்டு. எஞ்சின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்த வால்வு திறந்து, உங்கள் காரைப் போல டேங்கிலேயே அழுத்த மூடி உள்ள வண்டிகளில் காற்றையும், ரேடியேட்டரின் மேல் அழுத்த மூடி உள்ள பழைய வகையில் பக்கத்து பாட்டிலிலிருந்து கூலன்டையும் உள்ளே விடுகிறது. இது அடைத்துக்கொண்டால், காலையில் பார்க்கும்போது ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப் போய் இருக்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடிப்பதும் ஸ்பிரிங் தளர்வதும் வயதான மூடிகளில் சாதாரணம்.

ஆனாலும் முள் சிவப்பைத் தொட்ட எஞ்சினை மூடி மாற்றியதோடு விட்டுவிட மாட்டேன். சில நாள்கள் காலையில், எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது, டேங்கின் இரண்டு கோடுகளுக்கு இடையே அளவு நிற்கிறதா என்று பாருங்கள். வெளியே சொட்டு இல்லாமலே அளவு குறைந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்தாலோ சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் திருகாதீர்கள். அழுத்தம் நீங்கிய கணமே 110 டிகிரியில் இருக்கும் திரவம் ஆவியாகிக் கை, முகமெல்லாம் பாயும்.

கேள்வி: கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நடுவழியில் வேறு போக்கில்லை எனில், எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றலாம். ஆனால் போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும். துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் அதில் இல்லை. ஆகவே ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டுக் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்டை நிரப்புங்கள். கடையில் நிறத்தைக் காட்டி வாங்காதீர்கள்: பச்சை, சிவப்பு என்பதெல்லாம் நிறுவனங்கள் சேர்க்கும் சாயமே தவிர, தரக் குறியீடு அல்ல.