புனைபெயரில் எழுதலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றிய முகநூல் குழு விவாதத்தில், புனைபெயரில் எழுதுவோர் சிலர் வரம்பு மீறுகிறார்கள். சொந்தப் பெயரைக் கட்டாயமாக்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தென்கொரியா 2007-இல் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று விதித்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை எனக் கண்டு, அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2012-இல் அவ்விதியை ரத்து செய்தது.

மேலூர் வட்டாரத்தில் ஆக்கிரமித்தவர் எழுதுபவரின் பங்காளியாகவோ, கடன் கொடுத்தவராகவோ, குத்தகை நிலத்தின் உரிமையாளராகவோ இருக்கக்கூடும். தந்தை பெயரையும் தெருவையும் கொண்டு சாதியைக் கணித்து, கருத்தை விட்டுவிட்டு ஆளை எடைபோடும் வழக்கமும் இன்னும் ஒழியவில்லை. இந்நிலையில் பெயரைக் கேட்டால், குத்தகை விவசாயிகளும் பெண்களுமே முதலில் மௌனமாவார்கள். அவர்கள் இல்லாத விவாதத்தால் கண்மாய்க்கு என்ன பயன்?

ஆனால் ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவோர் தம் பெயரையும் சொல்வதே நியாயம். சர்வே எண்ணும் வருவாய்த்துறை ஆவண நகலும் இணைத்த பதிவை யார் எழுதினாலும் அனுமதியுங்கள். புனைபெயர் சட்டத்திலிருந்து காப்பதில்லை என்பதையும் அறிவியுங்கள்: 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, கணக்கைத் தொடங்கும்போது பயனர் தந்த விவரங்களை, அதை மூடிய பிறகும் சமூக ஊடக நிறுவனங்கள் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். முகநூல் குழுவில் பெயர் மறைத்து இடும் பதிவுகளிலும், எழுதியவர் யார் என்பதை நிர்வாகி காண முடியும். அதை வெளியிடமாட்டோம் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதியளியுங்கள்.