யாருடைய கடன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கப் பருத்தியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் ராஜபாளையத்தில் முப்பத்தாறு வருஷம் பருத்தி அரவை மில்லில் கணக்கெழுதியவன். முதலில் ஒரு திருத்தம். 1793-இல் எலி விட்னி என்பவர் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் கருவியைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாட்டி வீட்டில் இரண்டு மர உருளை வைத்துக் கையால் சுற்றும் கருவி ஒன்று இருந்தது. இப்போதும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அந்தத் தொழில் விட்னி பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தையது இல்லையா?

அடுத்தது சந்தேகம். என் மகன் டெக்சாஸில் இருக்கிறான். அந்தக் காலத்து அமெரிக்கப் பொருளாதாரத்தில் பாதி அடிமைகள் எடுத்த பருத்திதான் என்கிறான். அவனோடு வேலை பார்ப்பவர் ஒருவர், அதெல்லாம் கதை, ஐந்து சதவீதம்தான் என்கிறாராம். எது சரி? அடிமை உழைப்பால் நாடு பணக்கார நாடானது என்றால் அடிமைகளை வைத்திருந்த தெற்கு அல்லவா இன்று செழிப்பாக இருக்க வேண்டும்? மிஸிஸிப்பிதான் அங்கே ஏழை மாநிலம் என்று மகனே சொல்கிறான்.

கடைசியாக ஒன்று. இது நம் பக்கத்துப் பண்ணையாள் முறை மாதிரிதானே? கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது எந்த ஊரில் இல்லை?

கே. எஸ்.,
ராஜபாளையம்

*

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். திருத்தம் சரி. கட்டுரையிலும் மாற்றிவிட்டேன். உங்கள் பாட்டியின் கருவிக்குச் சொந்தக்காரக் கருவிகள் அமெரிக்காவிலும் விட்னிக்கு முன்பே இருந்தன. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் விளைந்த நீள இழைப் பருத்திக்குக் கொட்டை வழவழப்பானது. உருளைக்குள் கொடுத்தால் பஞ்சு கழன்று வந்துவிடும். உள்நாட்டு மேட்டு நிலத்தில் விளைந்ததோ குட்டை இழை. கொட்டையில் பச்சையாக மயிர் அப்பியிருக்கும், உருளைக்கு எளிதில் மசியாது. கையால் பிரித்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஒரு ராத்தல் (ஏறக்குறைய அரைக் கிலோ) பஞ்சு தேறுவதே பெரிது. விட்னியின் கருவியில் கம்பிப் பற்கள் பஞ்சைக் கவ்வி இடுக்கு வழியாக இழுத்தன, கொட்டை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு நாளில் ஐம்பது ராத்தல்.

தீவுப் பருத்தி கடலோரத்தை விட்டு நகராது. குட்டை இழைப் பருத்தி ஜார்ஜியாவிலிருந்து டெக்சாஸ் வரை எங்கும் வரும். அந்த நிலத்தில் பெரும்பகுதி க்ரீக், சாக்டா, சிக்கசா, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுடையது. 1830-இல் ஒரு சட்டம் போட்டு அவர்களை மிஸிஸிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தினார்கள். நிலம் வந்தது, ஆள் வேண்டும். 1808-லிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரச் சட்டப்படி தடை. அதனால் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலை மாநிலங்களில் பிறந்தவர்களை, தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கமாகப் பிரித்துத் தெற்கே விற்றார்கள். வடக்கும் தெற்கும் மோதிய 1861 உள்நாட்டுப் போருக்குள் இப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் 39.5 லட்சமாகியிருந்தார்கள்.

இனி உங்கள் மகனின் வழக்கு. 'பாதி', 'ஐந்து சதவீதம்' இரண்டுமே உண்மையான எண்கள்தான். போருக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. நாட்டின் மொத்த உற்பத்தியில் பருத்தியின் பங்கு ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். மொத்தப் பொருளாதாரத்திலேயே பாதி என்று எழுதிய வரலாற்றாசிரியர்களும் உண்டு. அவர்கள் பருத்தியின் விலையோடு அதற்காக வாங்கிய நிலம், கருவி, ஆள் எல்லாவற்றின் விலையையும் சேர்த்துக் கூட்டிவிட்டார்கள். பருத்தி வாங்கிய விலை, அரவைக் கூலி, பேல் விற்ற விலை மூன்றையும் கூட்டி 'இந்த வருஷ வருமானம்' என்று நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் முதலாளி மறுநாள் வேறு கணக்கப்பிள்ளை தேடியிருப்பார்.

ஆனால் ஐந்து சதவீதக்காரரும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைய அமெரிக்காவில் பெரும்பகுதி விளைச்சல் விளைந்த ஊரிலேயே தின்று தீர்ந்தது. கடல் கடந்து போய்ப் பவுனாகத் திரும்பி வந்ததில் முதலிடம் பருத்திக்கு. 1850களின் கடைசியில் பிரிட்டிஷ் மில்களில் ஓடிய பஞ்சில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவிலிருந்து போனது. அதற்குக் கப்பல், காப்பீடு, கடன் எல்லாம் நியூயார்க் கைக்குள் இருந்தன. தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோகத் தொடங்கிய 1861 ஜனவரியில் நியூயார்க் மேயர் ஃபெர்னாண்டோ வுட், நம் நகரமும் தனியாகப் பிரிந்து இரு பக்கமும் வியாபாரம் செய்யலாம் என்று யோசனை சொன்னார். ஐந்து சதவீதச் சரக்குக்காக ஒரு மேயர் அவ்வளவு தூரம் போவாரா?

பண்ணையாள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் அடிமை என்றால் கூலியில்லா வேலையாள் என்று நாம் நினைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம். தஞ்சாவூர்ப் பண்ணையாள் எதனால் கட்டுண்டு கிடந்தான்? தகப்பன் கல்யாணத்துக்கு வாங்கிய நெல், தன் கல்யாணத்துக்கு வாங்கிய பணம். தன் வீட்டுக் கடன் அவனைக் கட்டியது. (நம் பக்கத்திலும் ஆட்களை ஒற்றி வைத்த, விற்ற ஓலைகள் உண்டு. 1843-இல் கம்பெனி ஆட்சி அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அதை மறைக்கவில்லை.) அமெரிக்காவில் அடிமைக்குக் கடன் வாங்கும் தகுதியே கிடையாது. அங்கே முதலாளியின் கடன் அடிமையை விற்றது.

'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதிய முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1826-இல் கடனோடு இறந்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேருக்கு ஏலம் அறிவித்தார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியை நடத்திய இயேசு சபைப் பாதிரியார்கள் 1838-இல் தங்கள் மேரிலாந்துப் பண்ணைகளில் இருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். கல்லூரிக்குக் கடன் இருந்தது. அந்த 272 பேரில் ஒருவர்கூட அந்தக் கல்லூரிக்கு ஒரு டாலர் பாக்கி வைத்தவர் அல்ல.

நிலத்தை அடமானம் வைத்தால் அது அந்த ஊரிலேயே கிடக்கும். அடிமைக்கு எந்த ஊர்ச் சந்தையிலும் விலை உண்டு, நடத்தியே கூட்டிப் போகலாம். கடன் கொடுப்பவனுக்கு இதைவிட நல்ல பிணை இல்லை. 1827-இல் லூசியானாவில் தோட்ட முதலாளிகள் சேர்ந்து ஒரு வங்கி தொடங்கினார்கள். நிலத்தையும் அடிமைகளையும் வங்கியில் அடமானம் வைத்துப் பங்கு எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பங்கின் பேரில் கடன் வாங்கினார்கள். வங்கிக்குப் பணம் வேண்டுமே? மாநில அரசின் உத்தரவாதத்தோடு கடன்பத்திரம் போட்டு, லண்டன் பேரிங் பிரதர்ஸ் வங்கி மூலம் ஐரோப்பாவில் விற்றார்கள். வாங்கியவர் பருத்திச் செடியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அடிமை வியாபாரத்தைத் திட்டித் தீர்ப்பவராகக்கூட இருந்திருப்பார். வட்டி மட்டும் நேரத்துக்கு வந்தது. வந்த பணத்தில் இன்னும் நிலம், இன்னும் அடிமைகள், அவர்கள் பேரில் இன்னும் கடன்.

1837-இல் பருத்தி விலை சரிந்தபோது இந்தச் சீட்டுக்கட்டு கலைந்தது. மிஸிஸிப்பி மாநிலம் தான் விற்ற கடன்பத்திரங்களுக்குப் பணம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது. முதலாளிகள் பலர் ராவோடு ராவாக அடிமைகளை ஓட்டிக்கொண்டு, அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸுக்கு ஓடினார்கள். அமெரிக்க நீதிமன்ற ஜப்தி அங்கே செல்லாது. பூட்டிய வீட்டுக் கதவில் 'ஜி.டி.டி.' என்று மூன்று எழுத்து கிறுக்கியிருக்குமாம். 'கான் டு டெக்சாஸ்', டெக்சாஸுக்குப் போயாச்சு என்று அர்த்தம். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

அப்படியானால் உழைப்பு பெரிதில்லையா என்று கேட்பீர்கள். பெரிதுதான். ஜின் (விட்னியின் கொட்டை பிரிக்கும் கருவி) வந்த பிறகு தொழிலின் கழுத்து வயலில் போய் நெரிந்தது. பருத்தி எடுப்புக்கு அப்போது இயந்திரம் கிடையாது. சுதந்திர மனிதராக இருந்து, 1841-இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டுப் பன்னிரண்டு வருஷம் லூசியானாவில் அடிமையாகக் கிடந்த சாலமன் நார்த்அப் சொல்லியிருக்கிறார்: இருட்டிய பிறகு கூடையோடு ஜின் கொட்டகைக்குப் போய் எடை போட வேண்டும். வழக்கமான அளவு இருநூறு ராத்தல். குறைந்தால் சவுக்கடி. கூடினால் நாளையிலிருந்து அதுதான் அளவு. கூடுதலாக எடுத்தவனும் பயந்துகொண்டேதான் தராசுக்கு வந்தான். ஓர் ஆள் ஒரு நாளில் எடுக்கும் பருத்தி அறுபது வருஷத்தில் சுமார் நான்கு மடங்கானது. சவுக்கு காரணமா, மெக்சிகோவிலிருந்து வந்த புதிய விதை காரணமா என்று பெரிய சண்டை நடக்கிறது. விதைதான் என்று ஆலன் ஓல்ம்ஸ்டெட், பால் ரோட் என்ற இரண்டு பொருளாதார வரலாற்றாசிரியர்கள் தோட்டக் கணக்கேடுகளை வைத்து வாதிடுகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காய் பெரிதாக வெடித்துப் பஞ்சு வெளியே தொங்கினால் கை வேகமாக ஓடும் என்பது கரிசல்காட்டில் பருத்தி எடுத்த எந்த அக்காவுக்கும் தெரியும். அதற்காக அந்தத் தராசும் சவுக்கும் சும்மா இருந்தன என்று ஆகிவிடாது.

தெற்கு ஏன் ஏழையானது? 1860-இல் அது ஏழை இல்லை. மிஸிஸிப்பியில் இருந்த 7.9 லட்சம் பேரில் 4.36 லட்சம் பேர் அடிமைகள். அவர்களையும் சொத்துக் கணக்கில் ஏற்றினால் மிச்சமிருந்த வெள்ளையர்கள் நாட்டிலேயே பெரிய பணக்காரர்கள். நாடு முழுக்க அடிமைகளின் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்குக் குறையாது. அன்றைய ரயில் பாதைகள், தொழிற்சாலைகள் இரண்டையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. சொத்து நடமாடும் மனிதர்களாக இருக்கும்போது முதலாளிக்கு ஊரில் பள்ளிக்கூடமும் சாலையும் எதற்கு? மண் சலித்தால் சொத்தை ஓட்டிக்கொண்டு மேற்கே போய்விடலாம். வடக்கே நிலத்தை நம்பியவன் நிலத்தின் விலை ஏற ரயிலையும் பள்ளியையும் கேட்டான். பருத்திக் காசில் வளர்ந்த வங்கியும் நெசவாலையும் அங்கேயே தங்கின.

போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865-இல் அந்த 300 கோடி பேரேட்டிலிருந்து மறைந்தது. அதே ஆட்கள், அதே கைகள், அதே மண். 1880க்குள் தெற்கின் பருத்தி விளைச்சல் போருக்கு முந்தைய அளவைத் தாண்டியும்விட்டது. விடுதலையானவர்களுக்கு நிலம் கொடுக்கவில்லை. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதார்கள். விதையும் மாவும் கடைக்காரனிடம் கடன், விளைச்சல் அவனுக்கு ஈடு, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எப்போதும் பாக்கி. உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது அண்ணாச்சி. அடிமை முறை ஒழிந்த பிறகுதான் அது நம் பண்ணையாள் முறைக்குக் கிட்டத்தில் வந்தது.

உங்கள் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1840-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பத்து அமெரிக்கத் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. அந்தக் குட்டை இழைப் பருத்தியை இங்கே விளைவிக்க வேண்டும் என்பது திட்டம். 1842-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் அந்தப் பண்ணைகளைப் பார்த்துக்கொண்டார். தேறவில்லை. மழையைக் காரணம் சொன்னார்கள். கோவை விவசாயி முதலில் சோளமும் கம்பும் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில்தான் பருத்தி போட்டார் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். அவரை வேறு மாதிரி போடச் சொல்ல அங்கே சவுக்கோடு யாரும் நிற்கவில்லை. அந்த இனம் கம்போடியாப் பருத்தி என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நம் ஊரில் காலூன்றியது. உங்கள் மில்லில் அரைத்ததில் பெரும்பகுதி அதன் வாரிசுகளாகத்தான் இருக்கும்.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வர வேண்டியிருக்கிறது. பரணிலிருந்து அந்த உருளைக் கருவியை இறக்கி வைக்க முடியுமா? கொஞ்சம் குட்டை இழைப் பருத்தி நான் கொண்டுவருகிறேன். கொட்டை விடுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
தம்பி